காப்புக் கட்டிய ஊரில் ஒரு சைக்கிள்

ஹேண்டிலில் கட்டியிருக்கிற அந்தக் கயிற்றை மட்டும் தொட வேண்டாம் டீச்சர். பெல்லை வேண்டுமானால் அடித்துப் பாருங்கள். கயிறு வேண்டாம். அழுக்குதான், மஞ்சள் போய்க் கறுத்துவிட்டது. இதில் ஏன் இத்தனை முடிச்சு என்றுதானே பார்க்கிறீர்கள்? சொல்கிறேன். பஞ்சர் கடைக்காரர் சாப்பிட்டு வருகிற வரைக்கும் நமக்கு வேறு என்ன வேலை. இப்படி நிழலுக்குத் தள்ளி உட்காருங்கள். எறும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டேன், இல்லை. கல்லுக்கு அடியில் மட்டும் விரலை விடாதீர்கள்.

காலையிலேயே கேட்டீர்கள், இவ்வளவு பயப்படுகிறவள் எதற்கு சைக்கிளில் துணைக்கு வருகிற வேலையைப் பார்க்கிறாய் என்று. சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பயப்படாத ஆள் எதற்குத் துணை, சொல்லுங்கள். நான் ஏழாவதோடு நின்றவள். அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்த காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் சைக்கிள் பழகினார்கள். முட்டியை உடைத்துக்கொள்ளாமல் பழகினவள் நான் ஒருத்திதான். விழுந்துவிடுவோம் என்ற பயத்திலேயே நான் விழவில்லை. அதைத் தெரிந்துதான் புதுக்கோட்டை விடுதிக்காரர் தேவசகாயம் சார் என்னைக் கூப்பிட்டார். "குகை, பழைய கோயில்னு சைக்கிள்லயே சுத்திப் பாக்க ஆள் வருது. பொம்பளைங்க வந்தா கூட ஒரு பொம்பளை வேணும். நீ வர்றியா அடைக்கலம்?" என்றார். வந்தேன். என்னோடு வந்த யாருக்கும் இதுவரை ஒரு கீறல் விழுந்தது கிடையாது. மிருதுளாவுக்கும்தான். அதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் வீட்டார் அப்படிச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

மிருதுளா கோயம்புத்தூர்ப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனி. போன மாசிக்கு வந்தாள். தன் சைக்கிளைப் பார்சலில் முன்னாலேயே அனுப்பியிருந்தாள். அந்த சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, பெல் கிடையாது. டயர் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. ஸ்டாண்டு இல்லாத சைக்கிளை எப்படி நிறுத்துவாய் தாயி என்றால், "சாய்ச்சு வைப்பேங்க்கா" என்கிறாள். பெல் இல்லாமல் நான் வர மாட்டேன் என்று பிடிவாதமாக நின்று, கீழ ராஜ வீதியில் ஒரு பெல் வாங்கி மாட்ட வைத்தேன். அது சாதாரண பெல். அந்த சைக்கிளில் அது மட்டும்தான் நம் ஊர்ச் சாமான். பின்னால் அந்த பெல்தான் மானத்தைக் காப்பாற்றியது, அதற்கு வருகிறேன்.

கிளம்புகிற அன்றைக்கு அவள் அம்மா எனக்குப் போன் செய்தார். "எம்பொண்ணுக்கு எதுக்குமே பயமில்லைங்க. இமயமலைப் பக்கம்கூட தனியா போயிட்டு வந்தவ. அவளுக்கும் சேர்த்து நீங்க கொஞ்சம் பயப்படுங்க. அவ எங்க படுக்கறாளோ நீங்களும் அங்கதான் படுக்கோணும். உங்க கையில ஒப்படைக்கிறேனுங்க" என்றார். ஒரு தாய் அப்படிச் சொன்னால் அது சும்மா பேச்சா டீச்சர்? நான் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவளுக்கு ஒன்று என்றால் நான் உயிரோடு இருந்து என்ன செய்ய.

திட்டம் என்னவோ மூன்று நாள்தான். ஞாயிற்றுக்கிழமை சித்தன்னவாசல். திங்கள் குடுமியான்மலை பார்த்துவிட்டு விராலிமலையில் தங்குவது. செவ்வாய் நார்த்தாமலை வழியாகப் புதுக்கோட்டை. ஒழுங்காக நடந்திருக்கும். சித்தன்னவாசலில்தான் கெட்டது.

நேற்று நீங்களும் பார்த்தீர்களே, மலைக்கு அந்தப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிற ஏழடிப் பட்டம் குகை. நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டீர்கள், நல்ல மனுஷி. அவள் கம்பிக் கதவில் இருந்த வாட்ச்மேனிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போய், அந்தக் காலத்துச் சமணச் சாமியார்கள் படுத்த கல்படுக்கையில் மல்லாந்து படுத்துவிட்டாள். தலைக்கு வைக்கக் கல்லிலேயே தலையணை செதுக்கியிருக்கிறார்கள் இல்லையா, அதில் சரியாகத் தலையை வைத்து. "செமயா சில்லுனு இருக்குக்கா, நீங்களும் படுங்க" என்கிறாள். அந்தச் சாமியார்கள் அங்கே எதற்குப் படுத்தார்கள்? சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்து சாவதற்கு. வாட்ச்மேனே சொல்லியிருக்கிறார். கல்யாணமாகாத பெண் அதில் படுத்தால் எனக்கு எப்படி இருக்கும்? "எந்திரி தாயி, எந்திரி தாயி" என்று நான் கத்த, அவள் கண்ணை மூடி அரைமணி நேரம் தூங்கினாள். நிஜமாகவே தூங்கினாள்.

அதனால்தான் பொழுது போய்விட்டது. அன்னவாசலில் தங்க வேண்டியவர்கள் அன்னவாசலைத் தாண்டிப் போனதற்கும் காரணம் இருக்கிறது. அன்றைக்கு எங்களுக்குச் சொல்லி வைத்திருந்த வீட்டு வாசலில் ஒரு நாய் ஒரு மாதிரி எச்சில் ஒழுகப் படுத்திருந்தது. வெயிலுக்குத்தான் என்று அந்த வீட்டுக்காரர் சொன்னார். சொல்லத்தான் செய்வார். நான் யோசித்தேன், இன்னும் கொஞ்சம் மிதித்தால் தட்டாம்பாறை. என் வீட்டுக்காரருடைய அக்கா பொன்னழகியைக் கட்டிக்கொடுத்த ஊர். சொந்த மனுஷி வீட்டில் படுத்தால் எனக்கும் கண் அசரும். இருட்டுவதற்குள் போய்விடலாம்.

அந்த ஊரில் கால் வைத்தபோது கொட்டுச் சத்தம் கேட்டது. தெருவெல்லாம் தண்ணீர் தெளித்து வேப்பிலை கட்டியிருந்தார்கள். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். இருட்டுக்குப் பயந்த அவசரத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. மதினி வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருக்கிறோம், கோயில் பக்கம் குலவைச் சத்தம் எழும்பியது. மதினி ஓடி வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள்.

"அடி அடைக்கலம், உன் கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்காதவ, இன்னைக்குக் கரெக்டா வந்துட்ட பாரு. ஆத்தாவே கூப்பிட்டிருக்கா. இப்பதான் காப்புக் கட்டுறாங்க."

எனக்குக் கையில் இருந்த சொம்பு நழுவியது.

நீங்கள் மதுரைப் பக்கம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அந்த நேரத்தில் ஊர் எல்லைக்குள் யார் இருக்கிறார்களோ அவர்கள் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வரலாம். பொழுது சாய்கிறதற்குள் திரும்பிவிட வேண்டும். ஊர்க்காரர், விருந்தாளி என்ற பேதமெல்லாம் கிடையாது. அதனால்தான் காலையிலேயே தமுக்கு அடித்துச் சொல்லிவிடுகிறார்கள், போகிறவர்கள் போய்விடுங்கள் என்று. எல்லாரும் போன நேரத்தில் நாங்கள் உள்ளே வந்தோம்.

"எப்ப மதினி அவுக்குறது?" என்றேன்.

"இந்தச் செவ்வா விட்டு அடுத்த செவ்வா கெடா வெட்டு. புதன் அவுக்குறது. என்னடி மூஞ்சி இப்படிப் போகுது, சோறு போட மாட்டேன்னு பயமா?"

"மீறிப் போனா?"

மதினி குரலை இறக்கினாள். "மூணு வருசத்துக்கு முந்தி ஒரு நெல்லு ஏவாரி. காப்புக் கட்டுன அன்னைக்கு இங்க படுத்துட்டு மறுநாள் மணப்பாறையில போய்த் தங்கிட்டான். விடியறதுக்குள்ள உடம்பு பூரா அம்மை முத்து. ரெண்டு கண்ணும் மூடிருச்சு."

அந்த வியாபாரியை நான் பிற்பாடு இலுப்பூர்ச் சந்தையில் பார்த்தேன் டீச்சர். இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தது. அம்மன் மனசிரங்கித் திருப்பிக் கொடுத்திருப்பாள்.

அன்றைக்கு மிருதுளாவைத் திரும்பிப் பார்த்தேன். மதினி வீட்டுச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அவள் குலவைச் சத்தத்தைப் போனில் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மத்தியானம் சாகிற படுக்கையில் படுத்தவள். சாயங்காலம் காப்புக்குள் வந்தவள். அந்த முகத்தில் முத்துப் போட்டால் அவள் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அவளிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். விடுதிக்காரரும் அதைத்தான் கேட்டார். சொன்னால் அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு, "சும்மா வாங்கக்கா" என்று கிளம்பிவிடுவாள். தெரியாமல் மீறினாலாவது அம்மன் மன்னிப்பாள். தெரிந்தே சிரித்துக்கொண்டு மீறினால்? சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு என்று முடிவு செய்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதுதான் சரி.

திங்கள்கிழமை குடுமியான்மலை போனோம். பாறையில் சங்கீதம் எழுதி வைத்திருக்கிறார்களே, அதன் முன்னால் அவள் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. எனக்குக் கண் முழுக்கச் சூரியன் மேல். மதியம் சாய்ந்ததும், "விராலிமலை லாட்ஜுல தண்ணி இல்லையாம் தாயி. தட்டாம்பாறைக்கே திரும்பிடுவோம்" என்றேன்.

"போன் பண்ணினீங்களா?"

"பண்ணினேன்."

"இங்க சிக்னலே இல்லையேக்கா."

"எனக்குக் கிடைச்சுது."

ஒரு மாதிரி பார்த்தாள். ஆனாலும் வந்தாள். ஊருக்குள் நுழைந்ததும் எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். டீக்கடையில் இருந்தவர் எழுந்து நின்று, "அந்தப் பொண்ணு வந்துருச்சா? சரி சரி" என்றார். குழாயடியில் பெண்கள் அவள் முகவாயைத் தொட்டு, "பொழுதுக்குள்ள வந்துட்டியா தாயி, நல்ல புள்ள" என்றார்கள். பூசாரி சிதம்பரம் வேலையெல்லாம் விட்டுவிட்டு மதினி வீட்டு வாசலுக்கே வந்து, அவளைத் தலை முதல் கால் வரைக்கும் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். எவ்வளவு அக்கறை பாருங்கள். நகரத்தில் யாராவது அப்படிப் பார்ப்பார்களா?

"ஏங்க்கா எல்லாரும் நான் வந்துட்டேனான்னு செக் பண்றாங்க?" என்றாள்.

"பாசம் தாயி."

செவ்வாய்க்கிழமை அவள் விடிகாலையிலேயே பையைக் கட்டிவிட்டாள். நார்த்தாமலை பார்த்துவிட்டு நேராகப் புதுக்கோட்டை, புதன்கிழமை ரயில் என்று. நார்த்தாமலையில் பாறைமேல் நிற்கிற அந்தச் சோழர் கோயிலை நீங்கள் நாளைக்குப் பார்ப்பீர்கள், வழுக்கும், ஓரத்துக்குப் போகக் கூடாது. அவள் ஓரத்தில் போய்க் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அம்மனை வேண்டிக்கொண்டே பின்னால் நின்றேன். அந்த நேரத்தில்தான் அவள் அம்மா எனக்குப் போன் செய்தார். மலைமேல் சிக்னல் கிடைத்திருக்கிறது, இவள் ஏதோ மெசேஜ் போட்டிருக்கிறாள்.

"எங்கீங்க இருக்கீங்க? இன்னைக்கு ராத்திரி புதுக்கோட்டைதானே?" என்றார். குரல் ஒரு தினுசாக இருந்தது.

தாயின் பதற்றத்தைத் தணிக்க வேண்டுமே. "நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்கம்மா," என்றேன். "பொண்ணு என் கையிலதான் இருக்கு. ராத்திரி நான் அவளை எங்கயும் போக விட மாட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நிம்மதியில் அப்படி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

நார்த்தாமலையிலிருந்து புதுக்கோட்டைக்கு மெயின் ரோடு. கண்ணைக் கட்டிவிட்டால்கூடப் போய்விடலாம். நான் குறுக்குப் பாதை என்று சொல்லி அவளை உள்ளே இறக்கினேன். வண்டிப்பாதை, கண்மாய்க்கரை, முந்திரித் தோப்பு என்று சுற்றினோம். பொழுது சாய்கிற நேரத்துக்குத் தட்டாம்பாறை எல்லையில் இருந்தால் போதும் எனக்கு. அவள் ஹேண்டிலில் மாட்டியிருந்த போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, மேப்ல பாத்தா நாம வட்டம் அடிக்கறோம்."

"மேப்புக்கு மேடு பள்ளம் தெரியுமா?"

"அந்தத் தண்ணி டேங்கை மூணாவது தடவை பாக்கறேன்."

"எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் டேங்க் கட்டியிருக்காங்க தாயி."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நன்றாகப் பேசுகிற பெண். களைப்பு என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் மதினியும் இன்னும் இரண்டு பெண்களும் மஞ்சள் அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். முற்றத்தில் கெடா கட்டிக் கிடக்கிறது, அதற்கு மாலை போட்டிருக்கிறார்கள். மதினி எழுந்து வந்து கையிலிருந்த மஞ்சளை அவள் கன்னத்தில் பூசினாள். அன்பாகத்தான் பூசினாள். "இன்னைக்குப் போயிருவியோன்னு பூசாரி பதறிட்டாரு. எங்க போகப் போறா, அடைக்கலம் கூட்டியாந்துருவான்னு நாந்தான் சொன்னேன்" என்றாள்.

"நான் எப்பங்க போலாம்?" என்று மிருதுளா மெதுவாகக் கேட்டாள். அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை.

நான் கண்ணைக் காட்டுவதற்குள் மதினி சொல்லிவிட்டாள். "அடுத்த செவ்வா கெடா வெட்டு இருக்குல்ல. அது முடிஞ்சு புதன்கிழமை. அதுவரைக்கும் நீ ஆத்தாவோட பொண்ணு. இங்கதான்."

அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்றாள். வயிற்றுவலி என்றதும் எனக்கு அம்மைதான் ஞாபகம் வந்தது. அம்மை வருவதற்கு முன்னால் அப்படித்தான் இருக்குமாம். நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போனால் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "தூங்கட்டுமாக்கா" என்றாள். அவள் போக்கைப் பார்த்தால் விடியலில் எழுந்து சொல்லாமல் கிளம்பிவிடுவாள் என்று தோன்றியது. அந்த சைக்கிளில் ஒரு வசதி, முன்சக்கரத்தை ஒரு நெம்புகோலைத் தட்டினால் கையோடு கழற்றிவிடலாம். அவள் செய்ததைப் பார்த்திருக்கிறேன். கழற்றினேன். வெளியே வைத்தால் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள் என்று உள்ளே கொண்டுவந்து, அவள் பாய்க்கும் வாசலுக்கும் நடுவில் படுத்து, அதன்மேல் கையைப் போட்டுக்கொண்டேன். நான் ஒரு கண்ணைத் திறந்துகொண்டேதான் தூங்குவேன் டீச்சர். அதைப் பார்த்தால் என் வீட்டுக்காரரே பயப்படுவார்.

அப்படியும் ஏமாந்துவிட்டேன். கோழி கூப்பிடும்போது பார்க்கிறேன், பாய் காலி. என்னைத் தாண்டிப் போயிருக்கிறாள். பை இல்லை, செருப்பு இல்லை. சைக்கிள் மட்டும் முன்சக்கரம் இல்லாமல் சுவரில் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிறது.

என் உயிர் என்னிடம் இல்லை. தனியாக, இருட்டு பிரியாத நேரத்தில், அந்தப் புளியமரச் சாலையில் ஒரு பெண். சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவளுடைய பொருள் ஆயிற்றே, கொடுக்க வேண்டாமா? தலை முடியக்கூட நேரமில்லை. என் சைக்கிளை எடுத்து மிதித்தேன் பாருங்கள், அறிவொளி காலத்தில்கூட அப்படி மிதித்ததில்லை. "மிருதுளா, மிருதுளா" என்று கத்திக்கொண்டே போனேன். தூரத்தில் தெரிந்தாள். திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், சாலையை விட்டு இறங்கி ஓடத் தொடங்கினாள். ஓரத்தில் ஒரு மொட்டைப் பாறை. அதன்மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"கிட்ட வராதீங்க."

"தாயி, கீழ இறங்கு, பாம்பு கீம்பு கிடக்கும்."

"ப்ளீஸ், என்னை விட்டுடுங்க. சைக்கிளை நீங்களே வச்சுக்குங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எதைச் சொல்ல மாட்டாள், எனக்குப் புரியவில்லை. "பகல்ல எங்க வேணா போ தாயி, ராத்திரி மட்டும் வந்துரு. வராட்டி உனக்கு என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அதைவிட நயமாக யார் சொல்ல முடியும்? அவள் ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். இதோ, புருவத்துக்கு மேலே இந்தத் தழும்பு. அதை விடுங்கள். கல் எறிந்த கை நடுங்கியது. அப்போதுதான் அவள் பயந்திருக்கிறாள் என்றே எனக்குத் தெரிந்தது. எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாகக்கூட இருந்தது. அப்பாடா, இவளுக்கும் கடைசியில் அம்மன்மேல் பயம் வந்துவிட்டது என்று.

அந்த நேரம் பார்த்து இலுப்பூரிலிருந்து வருகிற முதல் பஸ் வந்தது. பாறையிலிருந்து குதித்துக் கையைக் காட்டி ஏறிவிட்டாள். நான் சக்கரத்தைத் தூக்கிக் காட்டினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை நல்ல பார்வையாக இல்லை. ரத்தம் வழிந்துகொண்டிருந்தது இல்லையா, அதனால் இருக்கும்.

அழுதுகொண்டே ஊருக்கு வந்து நேராகப் பூசாரி காலில் விழுந்தேன். "புள்ள போயிருச்சு சாமி. அது முகத்துல முத்துப் போட்டா நான் தூக்குல தொங்கிருவேன்" என்றேன். அவர் சாமி முன்னால் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தார். வெகு நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்.

"எதுல வந்துச்சு அந்தப் பொண்ணு?"

"சைக்கிள்ல சாமி."

"சைக்கிள் எங்க?"

"இங்கதான் இருக்கு."

"அப்ப அது போகலை. வந்த வண்டி நிக்கிறப்ப வந்தவ போனதா கணக்கில்ல. காப்பு அவுக்குற வரைக்கும் அந்த வண்டி எல்லை தாண்டக் கூடாது. பொழுது சாயயில அது இங்க இருக்குன்னு ஆத்தாவுக்குத் தெரியணும்."

"அது எப்படிச் சாமி தெரியும்?"

அவர் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். "மணி இருக்குல்ல. அடி."

அதுதான் நான் சொன்ன பெல். சக்கரத்தை மாட்டி, அந்த சைக்கிளை மதினி வீட்டிலிருந்து கோயில் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போவேன், தினமும், விளக்கு வைக்கிற நேரத்துக்கு. ஒரு நிமிஷம் விடாமல் பெல் அடிப்பேன். ஸ்டாண்டு இல்லாததால் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். முதல் நாள் ஊரே சிரித்தது. "அடைக்கலம், உன் விருந்தாளி சாப்பிட்டாச்சா?" என்று மதினி கேலி செய்தாள். மூன்றாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. குழாயடிப் பெண்கள் அதன் ஹேண்டிலுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை போலீஸ் வந்தது. சைக்கிளைப் பறித்துக்கொண்டு, பெண்ணை அடைத்து வைத்ததாகப் புகாராம். வந்த போலீஸ்காரர் பக்கத்து ஊர்ப் பிள்ளை. வேப்பிலைத் தோரணத்தைப் பார்த்ததும் எல்லைக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். அங்கிருந்தே கூப்பிட்டார்.

"யாருக்கா அடைக்கலம்? அந்த சைக்கிளை எடுத்துக்கிட்டு வாங்க."

"என்னை வேணா கூட்டிட்டுப் போங்க தம்பி. சைக்கிளை விட மாட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். புடவை நனைந்துவிடுமோ என்றுகூட இருந்தது, ஆனால் சைக்கிளை விடவில்லை. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"காப்பு என்னைக்கு அவுக்குறாங்க?"

"புதன்கிழமை."

"நான் வியாழக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். கொஞ்ச தூரம் போய் நின்று, "நான் எல்லைக்குள்ள வரலைல்ல?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் போனார். படித்த பிள்ளை.

காப்பு அவிழ்த்த அன்றைக்குச் சாமிக்குக் கட்டிய மஞ்சள் கயிற்றில் இரண்டு துண்டு வாங்கினேன். ஒன்றை அவள் ஹேண்டிலில் கட்டினேன், ஒன்றை என்னுடையதில். மறுநாள் சைக்கிளைத் துடைத்து, போலீஸ்காரர் கண் முன்னாலேயே பார்சலில் போட்டு அனுப்பினேன். எழுதிக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டேன், எல்லாம் முடிந்தது. தேவசகாயம் சார் ஆறு மாசம் எனக்கு வேலை தரவில்லை. அவள் அம்மா போனில் என்னைக் கேட்ட கேள்விகளை உங்களிடம் சொல்ல முடியாது. "உங்களை நம்பி ஒப்படைச்சேனே" என்றார். அவர் சொன்னதைத்தானே செய்தேன்? அவளுக்கும் சேர்த்து நான்தானே பயப்பட்டேன்? ஒரு முத்து விழுந்ததா அந்த முகத்தில்? அதை யாரும் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு நாள் புது நம்பரிலிருந்து போன். எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு, "அக்கா, மிருதுளா பேசறேன்" என்றாள்.

மறுபடியும் போலீஸோ என்று நினைத்தேன்.

"நல்லாருக்கியா தாயி? உடம்பு கிடம்பு?"

"நல்லாருக்கேங்க்கா. தேவசகாயம் சார் எல்லாம் சொன்னாரு. காப்பு, அந்த பெல் அடிச்சது, எல்லாம். என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா சிரிச்சிருப்ப."

"ஆமா. சிரிச்சிருப்பேன்."

பிறகு அவள் சொன்னாள், "சைக்கிளை நான் விக்கறேங்க்கா. வாங்கறவரு வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. ஹேண்டில்ல ஒரு கயிறு கட்டியிருக்கீங்க. அதை எடுக்கலாமா?"

"ஏன் தாயி, முடிச்சு இறுகிப்போச்சா? கத்தரி இல்லையா?"

"கத்தரி இருக்குக்கா," என்றாள். "ரெண்டு வாரமா மேசை மேலதான் கிடக்கு."

பூசாரியைக் கேட்டிருக்கலாம். கேட்டு, அவிழ்க்கவே கூடாது என்று அவர் சொல்லிவிட்டால்? அதனால் கேட்கவில்லை. "அப்படியே விட்டுரு" என்றேன்.

"அப்ப நான் சைக்கிளை விக்கலைங்க்கா," என்றாள். ரொம்பத் தணிந்த குரல். "அதுவா நைஞ்சு அறுந்து விழுந்தா ஒண்ணுமில்லையே?"

"அதுவா விழுந்தா ஒண்ணுமில்ல தாயி."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

எந்த தைரியத்தில் சொன்னேனோ. அவள் பெருமூச்சு விட்டது இங்கே வரைக்கும் கேட்டது. பாவம், அவளாவது நிம்மதியாக இருக்கட்டும்.

அதோ பஞ்சர் கடைக்காரர் வந்துவிட்டார். எழுந்திருங்கள் டீச்சர், பொழுது இருக்கும்போதே கிளம்பிவிடலாம். ஒரு நிமிஷம் மட்டும் இருங்கள். நீங்கள் பெல் அடித்ததில் இந்த ஓரம் கொஞ்சம் தளர்ந்த மாதிரி தெரிகிறது, ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்கிறேன்.